தேய்ந்த ரப்பர் எங்கே போயிற்று?

சங்ககிரிக்குப் போயிருக்கிறீர்களா? சேலத்திலிருந்து கோவைக்குப் போகும் நெடுஞ்சாலையில், சமவெளிக்கு நடுவே திடீரென்று ஒரு பெரிய கருங்கல் மலை எழுந்து நிற்கும். அதன் மேல் கோட்டை. தீரன் சின்னமலை 1805-இல் தூக்கிலிடப்பட்ட கோட்டை அது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். மலை அடிவாரத்து ஊருக்கு இன்று வேறொரு பெயரும் உண்டு: லாரி ஊர். ஓட்டுநர், கிளீனர், பாடி கட்டுகிறவர், தார்ப்பாய் தைக்கிறவர், பஞ்சர் ஒட்டுகிறவர் என்று ஏதாவது ஒரு வகையில் லாரியைத் தொடாத குடும்பம் அங்கே குறைவு.

அந்த ஊர்ப் பட்டறை ஒன்றின் வாசலில் அடுக்கி வைத்திருக்கும் பழைய டயர்களைக் கவனியுங்கள். புது டயரில் ஆழமான பள்ளங்களும் மேடுகளும் இருக்கும். லாரிக்காரர்கள் அதைப் ‘பட்டன்’ என்பார்கள். பழைய டயரில் பட்டன் இராது. மொட்டைத் தலைபோல் வழுவழுவென்று இருக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடியதில் தேய்ந்துவிட்டது என்போம். சரி, தேய்ந்த அந்த ரப்பர் எங்கே போயிற்று?

சாதாரணக் கேள்விதான். ஆனால் நம்மில் பலர் இதைக் கேட்டதே இல்லை. எந்தப் பொருளும் ஒன்றுமில்லாமல் போய்விடாது என்று எட்டாம் வகுப்பிலேயே படித்துவிட்டு, டயர் மட்டும் மாயமாய் மறைவதை நாள்தோறும் ஒப்புக்கொண்டு வருகிறோம்!

ஒரு கணக்குப் போடுவோம். லாரி டயரின் விட்டம் ஏறக்குறைய 1 மீட்டர். அப்படியானால் சுற்றளவு 314 செ.மீ. சாலையில் படும் பகுதியின் அகலம் 20 செ.மீ. என்று கொள்வோம். ஒரு செ.மீ. ஆழம் தேய்ந்தால் 314 × 20 × 1, அதாவது 6,280 கன செ.மீ. பள்ளங்களுக்காகக் காற்பங்கைக் கழித்துவிடுங்கள். மீதி சுமார் 4,700 கன செ.மீ. ரப்பர். ஒரு கன செ.மீ. ரப்பரின் எடை ஒரு கிராமுக்குச் சற்று அதிகம். ஆக, ஒரு டயரிலிருந்து ஏறத்தாழ 5 கிலோ. பத்துச் சக்கர டாரஸ் லாரி என்றால் 50 கிலோ. ஒரு மூட்டை சிமெண்டின் எடை! ஒரு தடவை டயர் மாற்றுவதற்குள் ஒரு லாரி இவ்வளவு ரப்பரைப் பொடியாக்கிச் சாலையில் தூவிவிட்டுப் போகிறது. பிறகு அதே டயருக்கு ரீட்ரெடிங் செய்து புதுப் பட்டன் ஒட்டுவார்கள். அதுவும் தேயும்.

இந்தப் பொடியில் பெரும்பகுதி கனமான துகள்கள். அவை சாலையோரத்திலேயே விழுந்து, மழை வந்தால் ஓடைக்கும் ஏரிக்கும் போய்ச் சேர்கின்றன. மிக நுண்ணிய ஒரு பகுதி மட்டும் காற்றில் மிதக்கிறது. நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 2017-இல் பல நாடுகளின் கணக்கைத் தொகுத்தார்கள். உலகில் தலைக்கு ஆண்டொன்றுக்குச் சராசரியாக 810 கிராம் டயர்த் துகள் உண்டாகிறதாம். இந்தியாவுக்கு 230 கிராம். காற்றில் மிதக்கும் 2.5 மைக்ரானுக்கும் குறைவான நுண்தூசியில் 3 முதல் 7 சதவீதம் வரை டயரிலிருந்து வந்ததாக இருக்கலாம் என்றும் மதிப்பிட்டார்கள். (ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான்.) நாட்டுச் சராசரி 230 கிராம் என்றால், இரவும் பகலும் லாரி ஓடும் நெடுஞ்சாலையை ஒட்டிக் குடியிருப்பவருக்கு எவ்வளவு? அதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

“டயர் ரப்பர்தானே, பிளாஸ்டிக் எப்படி ஆகும்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டயரில் ரப்பர் மரத்துப் பாலும் உண்டு. பெட்ரோலியத்திலிருந்து செய்த செயற்கை ரப்பரும் உண்டு. கறுப்பு நிறம் தரும் கார்பன் பொடியும் உண்டு. லாரி டயரில் இயற்கை ரப்பர் அதிகம், கார் டயரில் செயற்கை ரப்பர் அதிகம். செயற்கை ரப்பரும் பிளாஸ்டிக்கைப் போலவே நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது, எளிதில் மக்காதது. அதனால் ஆராய்ச்சியாளர்கள் பலர் டயர்த் துகளையும் ‘பிளாஸ்டிக் நுண்துகள்’ கணக்கில்தான் சேர்க்கிறார்கள். அந்தப் பெயர் 2004-இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் தாம்சனும் அவருடைய குழுவினரும் எழுதிய ஒரு கட்டுரையால் பரவியது. 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் துண்டு எதுவும் இந்த வகையில் அடங்கும்.

பிளாஸ்டிக் என்றதும் நம் நினைவுக்கு வருவது கேரிபேக். 2019 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை வந்ததும் நல்லதே. ஆனால் கண்ணுக்குத் தெரியும் குப்பையோடு நம் கவனம் நின்றுவிட்டது என்பது என் குறை. நாம் மூச்சில் இழுக்கும் பிளாஸ்டிக்கைக் குப்பைமேட்டில் தேட வேண்டியதில்லை. தேய்வது, உரசுவது, வெயிலில் பொரிவது ஆகிய இடங்களில் தேட வேண்டும். மொட்டை மாடியில் ஒரு கோடைக்காலம் கிடந்த வெள்ளை யூரியா சாக்கைக் கையால் தூக்கிப் பாருங்கள். இழை இழையாக நொறுங்கிக் கையோடு வரும். வெயிலின் புற ஊதாக் கதிர் அதன் சங்கிலி மூலக்கூறுகளை அங்கங்கே அறுத்துவிட்டது. பழைய தார்ப்பாயும் அப்படியே, வாசலில் கிடந்து வெளுத்துப்போன குடமும் அப்படியே.

சாலையை விட்டு வீட்டுக்குள் போய்விட்டால் தப்பித்தோமா? இல்லை. இங்கேதான் எனக்கே வியப்பு. பாரிஸ் நகரில் ஆராய்ச்சியாளர்கள் வீட்டுக்குள்ளும் வெளியிலும் காற்றை வடிகட்டி இழைகளை எண்ணினார்கள். 2017-இல் வெளியான அவர்களுடைய கணக்கு இது: வெளியே ஒரு கன மீட்டர் காற்றில் இழைகள் 0.3 முதல் 1.5 வரை. உள்ளே 1 முதல் 60 வரை! அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு பருத்தி போன்ற இயற்கைப் பொருள்; மூன்றில் ஒரு பங்கில் பெட்ரோலியப் பொருள் இருந்தது. எல்லாம் எங்கிருந்து வந்தன? உடுப்பிலிருந்து, படுக்கை விரிப்பிலிருந்து, திரைச்சீலையிலிருந்து. நாம் நடக்கும்போதும் உட்காரும்போதும் துணியை உதறும்போதும் இழைகள் உதிர்கின்றன. வெளியே காற்றடித்துக் கலைந்துவிடுகிறது. அறைக்குள் அடைந்து கிடக்கிறது.

பிறகு 2025-இல் பிரான்சின் துலூஸ் நகர ஆராய்ச்சியாளர்கள் தங்கள் சொந்த வீடுகளிலும் கார்களிலும் அளந்தார்கள். வீட்டில் ஒரு கன மீட்டருக்கு 528 துகள், காரில் 2,238. பாரிஸில் அதிகபட்சம் 60, துலூஸில் 528 என்றால் எட்டே ஆண்டில் காற்று அவ்வளவு கெட்டுவிட்டதா? அப்படியல்ல. முன்னவர்கள் எண்ணியது பெரிய இழைகளை. பின்னவர்கள் ஒரு மைக்ரான் அளவுள்ள துகளைக்கூடக் காட்டும் கருவியைப் பயன்படுத்தினார்கள். மீனவர் வலையின் கண் சிறுத்தால் பிடிபடும் மீனின் எண்ணிக்கை கூடும் அல்லவா? எனவே, நுண்துகளைப் பற்றி எந்த எண்ணைப் படித்தாலும் “எந்த அளவுக்கு மேற்பட்டதை எண்ணினார்கள்?” என்று முதலில் கேளுங்கள். நம் நாட்டிலும் வேலை தொடங்கிவிட்டது. கொல்கத்தாவின் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தினர் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களின் காற்றில் மூச்சோடு உள்ளே போகக்கூடிய பிளாஸ்டிக் துகள்களை அளந்திருக்கிறார்கள். தில்லியையும் கொல்கத்தாவையும்விடச் சென்னையிலும் மும்பையிலும் குறைவாம். கடற்காற்றுக்கு நன்றி சொல்லலாமோ என்னவோ!

இனி உடம்புக்குள் போவோம். நீங்கள் ஒரு நாளில் இழுக்கும் காற்று பத்தாயிரம் லிட்டருக்கு மேல். அதில் தூசி இல்லாத நாள் மனித வரலாற்றிலேயே இருந்ததில்லை. ஆகவே உடம்பு தயாராகத்தான் இருக்கிறது. பத்து மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் பிடித்துவிடும. அதைத் தாண்டினால் மூச்சுக்குழாயின் உட்சுவரில் பசைபோன்ற கோழை. அதில் ஒட்டியதை மேலே தள்ளிக்கொண்டே இருக்க நுண்ணிய மயிரிழைகள். இதையும் தாண்டி நுரையீரலின் கடைசிக் காற்றறைக்கு வந்துவிட்டால், அங்கே துப்புரவுத் தொழிலாளியைப் போல ஒரு வகைச் செல்கள் காத்திருக்கின்றன. வந்த துகளை விழுங்கிச் செரிக்கப் பார்க்கும். கிருமி என்றால் செரித்துவிடும். பிளாஸ்டிக் செரிக்காது. துகள் நீண்ட இழையாக இருந்தால் தன்னைவிட நீளமானதை விழுங்கவும் முடியாது. விழுங்க முடியாத எரிச்சலில் அந்தச் செல் கக்கும் பொருள்களே அக்கம்பக்கத்துத் திசுவைப் புண்ணாக்கும். கல்நார் இழை நுரையீரலைக் கெடுப்பது இந்த வழியில்தான்.

பிளாஸ்டிக் அவ்வளவு ஆழம் போகிறதா? போகிறது. 2021-இல் பிரேசிலின் சாவோ பாலோ நகரில் இறந்தவர்கள் 20 பேரின் நுரையீரலைச் சோதித்ததில் 13 பேரிடம் பிளாஸ்டிக் துகள் இருந்தது. 2022-இல் இங்கிலாந்தில் அறுவைச் சிகிச்சையின்போது எடுத்த 13 திசு மாதிரிகளில் 11-இல் இருந்தது. சாக்குப்பை செய்யும் பாலிபுரொப்பிலீனும் பாலியஸ்டர் வகையும் அவற்றில் அதிகம்.

இருந்தது என்பது வேறு. கெடுத்தது என்பது வேறு. உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் கிடைத்த ஆராய்ச்சிகளையெல்லாம் அலசிப் பார்த்துவிட்டு, சாதாரண மக்களுக்கு எவ்வளவு தீங்கு என்று தீர்ப்புச் சொல்ல இவை போதாது என்றது. அதே மூச்சில், வெளியாகும் துகளைக் குறைக்க வேண்டும் என்றும் சொன்னது. நீங்கள் கைப்பேசியில் வேறு மாதிரி படித்திருப்பீர்கள். “வாரம் ஒரு ஏ.டி.எம். அட்டை எடையுள்ள பிளாஸ்டிக்கை உள்ளே தள்ளுகிறோம்” என்று 2019 முதல் ஒரு கணக்கு உலகைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது பெரும்பாலும் உண்பதையும் குடிப்பதையும் பற்றிய மதிப்பீடு. அதைச் சரிபார்த்த பிற ஆராய்ச்சியாளர்கள் உண்மை அளவு அதைவிட மிகமிகக் குறைவு என்று காட்டிவிட்டார்கள். பயமுறுத்தும் எண்ணுக்குக் கால் முளைத்துவிடும். திருத்தம் நொண்டிக்கொண்டுதான் வரும்.

அப்படியானால் பேசாமல் இருந்துவிடலாமா? கூடாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சாதாரண மக்களைப் பற்றித்தான் தீர்ப்பு வரவில்லை. தூசிக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்பவரைப் பற்றிய தீர்ப்பு எப்போதோ வந்துவிட்டது. 1975-லேயே போர்ச்சுகல் மருத்துவர்கள், செயற்கை இழை ஆலைகளில் வேலை செய்து நுரையீரல் கெட்ட ஏழு பேரைப் பற்றி எழுதினார்கள். 1990-களில் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் ஓர் ஆலை. நைலான் நூலைப் பொடிப்பொடியாக நறுக்கித் துணிமேல் ஒட்டி, வெல்வெட் போன்ற மேற்பரப்பை உண்டாக்குவது அங்கே தொழில். நகைப்பெட்டிக்குள் மெத்தென்று இருக்குமே, அந்த மாதிரி. அங்கே ஒருவர் பின் ஒருவராகத் தொழிலாளர்களுக்கு மூச்சு முட்டியது. நறுக்கிய நைலான் துண்டு தடிமனானது, ஆழமாகப் போக இயலாதது என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். பார்த்தால், சுழலும் கத்தி வெட்டும்போது முனையில் வால்போல் மெல்லிய சிம்பு உண்டாகி, அது ஒடிந்து காற்றில் கலந்திருந்தது. அந்த நோய்க்கு அந்தத் தொழிலின் பெயரையே வைத்தார்கள்.

பருத்தியின் கதையும் இதுதான். பஞ்சாலைத் தொழிலாளிக்கு வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும். இதைப் பல காலம் அலுப்பு என்றும் புகைப்பழக்கம் என்றும் தள்ளிவிட்டார்கள். பிறகுதான் அது பிசினோசிஸ் என்ற தனி நோய் என்று ஒப்புக்கொண்டு, தொழிற்சாலைச் சட்டம் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இடம் கொடுத்தது. நார் சீவுகிறவர்கள் இருமுவதை இத்தாலிய மருத்துவர் இராமசினி எழுதிவைத்துப் பல தலைமுறை கழிந்த பின்பு! நோயாளியைக் கண்டால் “என்ன வேலை செய்கிறாய்?” என்று மருத்துவர் கேட்க வேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவரே. அவர் நூல் வந்தது 1700-இல்.

இப்போது மறுபடி சங்ககிரிப் பக்கம் வாருங்கள். சுற்றுவட்டாரத்தில் இளம்பிள்ளை, எடப்பாடி, குமாரபாளையம், பள்ளிபாளையம் என்று எங்கும் விசைத்தறிச் சத்தம். பருத்தியோடு பாலியஸ்டரும் நெய்கிறார்கள். தறிக்கூடத்துச் சிலந்திவலையைப் பார்த்தாலே போதும். பஞ்சும் பிசிறும் அப்பிக் கயிறு போலத் தொங்கும். வலையில் ஒட்டியது நெஞ்சிலும் ஒட்டாதா? ரீட்ரெடிங் பட்டறையில், பழைய டயரின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்க எந்திரத்தில் அராவுவார்கள்; பஃபிங் என்று பெயர். சாலையில் பல மாதங்களில் தேய்வதை அந்த எந்திரம் சில நிமிடத்தில் தேய்த்துவிடும். எதிரே நிற்பவரின் முகமும் இமையும் கறுத்திருக்கும். “ரப்பர் வாடை பழகிப்போச்சு தம்பி” என்பார். மூக்குக்குப் பழகும். நுரையீரலுக்குப் பழகுமா என்பதுதான் கேள்வி.

ஆகவே, பிளாஸ்டிக் தூசியைக் குறைப்பது என்றால் முதலில் அங்கே தொடங்க வேண்டும் என்பேன். காற்றுச் சுத்திகரிக்கும் கருவியை விலைகொடுத்து வாங்கக்கூடியவர் வீட்டிலிருந்து அல்ல. வழியும் தெரியாதது அல்ல. எந்திரம் அராவும் இடத்திலேயே தூசியை உறிஞ்சும் குழாய் வைக்கலாம். தறிக்கூடத் தரையை வெறுந்துடைப்பத்தால் பெருக்காமல், காற்றடித்து ஊதித் தள்ளாமல், ஈரத்தோடு துடைக்கலாம். முகத்தில் சரியாகப் பதியும் முகக்கவசம் தரலாம். (கடையில் விற்கும் முகக்கவசமும் பாலிபுரொப்பிலீன் இழைதானே என்று குறும்பாகக் கேட்கும் மாணவருக்கு: ஆம். ஆனாலும் தூசி நிறைந்த இடத்தில் அது உதிர்ப்பதைவிடத் தடுப்பதே அதிகம்.) டயர் தயாரிப்பவருக்கும் பொறுப்பு உண்டு. டயர் இவ்வளவுக்கு மேல் தேயக்கூடாது என்று வரம்பு விதிக்கும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் நிறைவேற்றியது. லாரியால் வாழும் ஊர்கள்தாம் இங்கே அதைக் கேட்க வேண்டும். மெதுவாகத் தேயும் டயர் லாரி முதலாளிக்கும் லாபம்தானே! காற்றழுத்தத்தைச் சரியாக வைத்து, பாரம் அளவோடு ஏற்றி, பிரேக்கைச் சட்டென்று மிதிக்காமல் ஓட்டினால் இருக்கிற டயரே மெதுவாகத் தேயும். அனுபவப்பட்ட ஓட்டுநர் இதை எனக்கும் உங்களுக்கும் சொல்லித் தருவார்.

வீட்டில்? உங்கள் பாட்டி வாசல் தெளித்துவிட்டுத்தான் பெருக்குவார். அது வெறும் சடங்கு அல்ல. எழும்பும் தூசியை நீர் அடக்கிவிடுகிறது. வீட்டுக்குள் ஈரத்துணியால் துடைப்பதும் அதே விதிதான். காலையில் சன்னலைத் திறந்துவிட்டு, போர்வையை அறைக்குள் உதறாமல் வெளியே கொண்டுபோய் உதறுங்கள். உங்கள் சன்னல் நெடுஞ்சாலையைப் பார்த்தது என்றால், லாரி குறைந்த நேரமாகப் பார்த்துத் திறக்க வேண்டும். அல்லது பின்பக்கச் சன்னலைத் திறக்கலாம். தரையில் தவழும் தம்பி தங்கைக்காக இதைச் செய்யுங்கள். அவர்கள் மூக்கு தரைக்கு ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. வெயிலில் வெளுத்த சாக்கையும் தார்ப்பாயையும் நொறுங்கும்வரை வைத்திருக்காமல் பழைய பிளாஸ்டிக் வாங்குபவரிடம் போட்டுவிடுங்கள். அடுத்த உடுப்பு வாங்கும்போது பருத்தியா என்று கேளுங்கள். பள்ளிச் சீருடையே பாலியஸ்டர் கலப்புதான் என்பீர்கள், தெரியும். அது உங்கள் கையில் இல்லை.

போகி மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. டயரை உருட்டி வந்து கொளுத்துவது பெரும்பாலும் உங்கள் வயதுப் பிள்ளைகள்தாம். 2018 போகியன்று சென்னையில் எழுந்த புகைமூட்டத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. எரியும் டயர் வெறும் துகளை மட்டுமா விடுகிறது? கரியும் நச்சு வாயுக்களும் அதோடு சேர்ந்தே வரும்.

கடைசியாக ஒரு சோதனை. ஒரு கண்ணாடிச் சில்லில் செலோடேப்பைப் பசைப்பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, வீட்டில் ஓர் அறையின் அலமாரிமேல் ஒரு நாள் விடுங்கள். இன்னொன்றைத் தறிக்கூடத்திலோ ரீட்ரெடிங் பட்டறையிலோ, உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, அதே அளவு நேரம் வையுங்கள். இரண்டையும் பள்ளி நுண்ணோக்கியில் பாருங்கள். முறுக்கிய நாடாபோல் தெரிவது பருத்தி. கண்ணாடிக் கம்பிபோல் ஒரே சீராகத் தெரிவது பெரும்பாலும் செயற்கை இழை. கன்னங்கரேலென்று நீள்வட்டமாக, ஓரம் சொரசொரப்பாகத் தெரிந்தால் அது டயராக இருக்கலாம். இழைகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டறையில் எந்திரத்துக்குப் பின்னால் உறிஞ்சு குழாய் இருக்கிறதா, இருந்தால் ஓடுகிறதா என்பதையும் பார்த்து, உங்கள் எண்ணிக்கையோடு சேர்த்து எங்களுக்கு எழுதுங்கள்.